மைக்ரோவேவில் ஏன் முறுகல் வருவதில்லை?

ஓவனில் வைத்த ரொட்டி மாவின் மேல்தோல் பொன்னிறமாகிறது. மைக்ரோவேவில் வைத்தால் வெளுத்தே கிடக்கிறது. ஏன்?

சாதாரண ஓவனில் 200 டிகிரிச் சூட்டிலுள்ள காற்றும் சுவர்களும் முதலில் மேற்பரப்பைச் சுடுகின்றன. அங்கே ஈரம் வற்றி, வெப்பம் 140 டிகிரியைத் தாண்டும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிய, நிறமும் மணமும் பிறக்கின்றன.

மைக்ரோவேவின் வழி வேறு. அதிலுள்ள மேக்னட்ரான், நொடிக்கு 245 கோடி முறை அதிரும் அலைகளை அனுப்புகிறது. நீர் மூலக்கூறின் ஒரு முனை சற்றே நேர்மின், மறுமுனை எதிர்மின். அலையின் மின்புலம் திசை மாறமாற அதுவும் திரும்ப முயன்று, பக்கத்து மூலக்கூறுகளோடு மோதுகிறது. அந்தத் தள்ளுமுள்ளே சூடு. உணவு உள்ளிருந்து வெளியே வேகிறது என்று பலர் நம்புவது தவறு. அலைகள் ஓரிரு சென்டிமீட்டர் ஆழம்தான் வலுவோடு செல்கின்றன. சுற்றியுள்ள காற்று அவ்வளவாகச் சூடாவதில்லை. ஈரமுள்ள மேல்தோலும் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. பிறகு எப்படி முறுகும்?

உறைந்த உணவை உருக்குவதிலும் மைக்ரோவேவுக்கு ஒரு சிக்கல் உண்டு. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடப்பதால் அது அலைகளை அதிகம் உறிஞ்சாது. உறைந்த இறைச்சியில் முதலில் உருகிய ஓரத்து நீரே மேலும் மேலும் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஓரம் வெந்துபோன பிறகும் நடு கல்லாகவே இருக்கும். குறைந்த சக்தியில், விட்டுவிட்டு உருக்குங்கள். சூடு நடுவுக்குப் போய்ச்சேர நேரம் கிடைக்கும்.