ஊசி பிடித்த மாலுமிகள்!

ஹாஸ்டலில் ஒருத்தன் சட்டை பட்டன் தைத்தால், ‘என்னடா, பொண்ணு மாதிரி?’ என்று கலாய்க்கும் கோஷ்டியா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான் பாஸ்!

19-ம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படையில், கிழிந்த சட்டையை மாலுமிகளேதான் தைத்துக்கணும். மாசக்கணக்கில் கடல் வாசம், பொழுது போகணுமே! கித்தான் துணியில் கலர் கலராகக் கம்பளி நூலால் தங்கள் கப்பலையே படமாகத் தைத்தார்கள். செல்லப்பெயர், ‘வூலி’. பெரும்பாலும் சைடு போஸ்தான். ஆனால் பாய்மரம், கயிறு, கொடி எல்லாம் நம்ம இன்ஜினீயரிங் டிராயிங் மாதிரி பக்கா! தினமும் அந்தக் கயிற்றில் ஏறி இறங்கியவர்களாச்சே!

லண்டன் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இவை பத்திரமாக இருக்கின்றன. சோகம் என்னன்னா, பல படங்களில் கப்பல் யாருடையது என்று கொடி சொல்லுது; தைத்தது யாருன்னு சொல்ல ஒரு கையெழுத்துகூட இல்லை.

இனிமே பட்டன் தைக்கிறவனைக் கலாய்ப்பீங்க?