சிவகாசிக்காரர்களே, நம் மாவட்டத்தில் ஒரு தீவு இருந்தது தெரியுமா?

1985 மார்ச் 15-க்கு முன்னால் சிவகாசியும் ராமேஸ்வரமும் ஒரே மாவட்டம்! ஆமாம், பட்டாசு மருந்து காய்கிற கரிசல் பூமியும் வலை காய்கிற பாம்பன் தீவும் ஒரே கலெக்டருக்குக் கீழேதான் இருந்தன. 1910-ல் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது விருதுநகர் தனியாக வந்தது. இன்றைக்கு நம் மாவட்டத்தில் ஒரு முழம் கடற்கரைகூடக் கிடையாது. அதனால் என்ன, விருதுநகரிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் போனால் நடுக்கடலுக்குள்ளேயே போய் நிற்கலாம்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாகப் பார்த்திபனூர் போய்ச் சேர்ந்தால் மதுரை–தனுஷ்கோடி நெடுஞ்சாலை. அங்கிருந்து பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன். இடையில் திருச்சுழியில் வண்டியை விட்டு இறங்காமல் போய்விடாதீர்கள். ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் அது. ரயில்தான் வேண்டும் என்றால் விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்குத் தண்டவாளம் உண்டு. அங்கே ராமேஸ்வரம் பாதையைப் பிடித்துவிடலாம். வழிக்குச் சாத்தூர் சேவு கட்டிக்கொள்ளுங்கள், எத்தனை நாளானாலும் மொறுமொறுப்பாக இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அந்த வெயிலைத் தாங்காது.

கிளம்பும் முன் ஒரு எச்சரிக்கை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது ஒரு கிஃப்ட் பாக்ஸ் பட்டாசைப் பையில் போடுவது நம் ஊர் வழக்கம். ரயிலில் அது குற்றம் என்பது தெரியுமா? ரயில்வே சட்டம் 164-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்தே கிடைக்கலாம். கம்பி மத்தாப்பு மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். மருந்தோடு பழகியே வாழ்கிற நமக்கு, மூடிய பெட்டிக்குள் ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், எப்போது போவது என்பது. தீபாவளி முடிந்ததும் ஆலைகளுக்குச் சில வாரம் லீவு. போனஸ் கையில் இருக்கும். குடும்பத்தோடு வண்டி ஏறத் தோன்றும். ஆனால் சரியாக அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை! அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தக் கடல் யார் பேச்சையும் கேட்காது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் என்ன நடந்தது தெரியுமா? பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலை, பயணிகள் அத்தனை பேரோடும் கடல் விழுங்கியது. சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, இலங்கையின் தலைமன்னாரில் போய் இறங்கிய காலமெல்லாம் அந்த ஒரே ராத்திரியில் முடிந்தது. அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்திக் காட்டியவர் பின்னாளில் 'மெட்ரோ மனிதர்' என்று பெயரெடுத்த ஸ்ரீதரன்! ஆகவே தீபாவளி லீவில் போவதானால், பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏறியிருக்கிறது என்று முதலில் செய்தியைப் பாருங்கள். என்னைக் கேட்டால் பங்குனிப் பொங்கல் லீவுதான் தோது. மழை இருக்காது, கடலும் அடங்கிக் கிடக்கும். மீன் சாப்பிடுவதற்காகவே போகிறவர்கள் ஏப்ரல் 15-க்கு முன்பே போய் வந்துவிட வேண்டும். அன்று முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்.

பாலம் என்றதும் எல்லோருக்கும் 1914-ல் திறந்த பழைய பாலம்தான் கண்ணில் நிற்கும். இரண்டு பக்கமும் கை தூக்கிக் கப்பலுக்கு வழிவிடுமே, அது! இப்போது ரயில் ஓடுவது 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில். இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் உயரத்துக்கு மேலே போகிறது. இந்தியாவில் கடல்மேல் இப்படி ஒரு பாலம் இதுதான் முதல்! காரில் போகிறவர்கள் 1988-ல் திறந்த சாலைப் பாலத்தில் இருந்தே இதைப் பார்க்கலாம். பாலத்தின் மேல் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

கோயிலுக்கு வருவோம். மூன்றாம் பிராகாரத்தில் மட்டும் 1212 தூண்கள்! முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு, பிறகு உள்ளே 22 தீர்த்தங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியால் மொண்டு உங்கள் தலையில் ஊற்றுவார்கள். சில எட்டு தள்ளிப் போனால் அடுத்த கிணறு, வாயில் படுகிற தண்ணீரின் ருசியே வேறு! கல்தளம் முழுக்க ஈரம், வழுக்கும். பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியோடு சுவாமி தரிசனத்துக்கு விடமாட்டார்கள், மாற்றுத்துணி கட்டாயம். செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. பகல் 1 மணிக்கு நடை சாத்தினால் 3 மணிக்குத்தான் திறப்பார்கள். காசிக்குப் போகிறவர்கள் இங்கிருந்து மணல் எடுத்துப் போய், திரும்பும்போது கங்கை நீர் கொண்டுவந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வது காலங்காலமான வழக்கம். அந்தக் காசி விஸ்வநாதர் நம் சிவகாசியிலேயே கோயில் கொண்டிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அடுத்து தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை. 2017-க்கு முன் மணலில் ஜீப்பில் குலுங்கித்தான் போக வேண்டும். ஒரு பக்கம் பாக் நீரிணை, 'பெண் கடல்', ஏரி போல அமைதி. மறுபக்கம் மன்னார் வளைகுடா, 'ஆண் கடல்', பொங்கிப் பொங்கி அடிக்கும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் முனையில் இறங்கிக் குளிக்கவே கூடாது; நீரோட்டம் இழுத்துவிடும். தங்கும் இடம் கிடையாது, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

இந்த உப்புக் காட்டில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? காலடி மணலில் இருந்தே! குடிசைப் பக்கம் பெண்கள் மணலைக் கையால் பறித்துக் குழி போடுவார்கள். முதலில் கலங்கலாக ஊறும். கொஞ்சம் பொறுத்தால் தெளியும். அகப்பையால் மெல்ல மொண்டு குடத்தில் விடுவார்கள். மழைநீர் உப்புநீரைவிட லேசானது, மணலுக்குள் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும்! தங்கச்சிமடம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது, குடித்துப் பாருங்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போனால் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் காயலில் பூநாரைகளைப் பார்க்கலாம். 2025-ல் அந்தப் பகுதியைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். அருகே போகாமல் சாலையிலிருந்தே பாருங்கள், கூட்டம் கலைந்துவிடும்.

திரும்பும்போது பனையோலைப் பெட்டியும் கருப்பட்டியும் தாராளமாக வாங்குங்கள். பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை யார் நீட்டினாலும் தொடாதீர்கள். மூன்றும் வனஉயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கரையில் கிடந்ததை எடுத்தேன் என்று சொன்னாலும் வழக்கு வழக்குதான்.