லோஜ்பான் மொழியில் காலமும் இடமும்

லோஜ்பான் என்பது பயனிலைத் தருக்கத்தை அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்பட்ட ஒரு செயற்கை மொழியாகும். 1987 ஆம் ஆண்டில், லோக்லான் என்னும் முந்தைய மொழியிலிருந்து இது கிளைத்தது. இதன் இலக்கணத்தில் காலத்தையும் இடத்தையும் குறிப்பது கட்டாயமன்று. குறிக்கும்போது இரண்டும் வினையின் முன் ஒரே இடத்தில் நிற்கின்றன.

காலம்

பு, ஷா, பா ஆகிய சொற்கள் முறையே இறப்பு, நிகழ்வு, எதிர்வு ஆகியவற்றைச் சுட்டும். (பா என்பதன் பகரம் "பஸ்" என்பதில் உள்ளது போல ஒலிக்கும்.) "மி குங்கா" என்றால் நான் வேலை செய்தேன், செய்கிறேன், செய்வேன் ஆகிய மூன்றும் பொருந்தும். தமிழில் இதை அப்படியே பெயர்க்க இயலாது. தெரிநிலை வினைமுற்று காலம் காட்டியே தீர வேண்டும். எனினும் "அவன் நல்லன்" போன்ற குறிப்பு வினைமுற்றுகளில் காலம் வெளிப்படையாகத் தோன்றுவதில்லை. அவ்வகையில் லோஜ்பானின் எல்லா வினைகளும் குறிப்பு வினை போன்றவை எனலாம்.

இடம்

வி, வா, வு என்பன அண்மை, இடைத்தொலைவு, சேய்மை ஆகியவற்றைக் குறிக்கும். காலத் தொலைவுக்கும் இதே போன்ற மூன்று சொற்கள் உண்டு. அவற்றுள் சு என்பது நெடுங்காலத்தைக் குறிக்கும். பர்மாவில் வேலை பார்த்து அரிமளத்திற்குத் திரும்பிய ஒருவர் பல்லாண்டுகள் கழித்து "மி புசுவு குங்கா" எனலாம்: முன்பு, நெடுங்காலத்திற்கு அப்பால், தொலைவில் ஓர் இடத்தில் வேலை செய்தேன். கேட்பவர் பேசுபவரின் இவ்விடத்தில், இப்பொழுதில் தொடங்கி, சொற்களின் வரிசையில் ஒரு கற்பனைப் பயணம் செய்வதாக இலக்கண நூல் இதை விளக்குகிறது. வலம், இடம், மேல், கீழ், வடக்கு, தெற்கு முதலிய திசைகளுக்கும் தனிச் சொற்கள் உள்ளன.

தமிழில் "வீட்டுக்கு முன்", "விடியலுக்கு முன்" என இடத்திற்கும் காலத்திற்கும் ஒரே சொல் வழங்குகிறது. லோஜ்பானில் இவை வெவ்வேறு சொற்கள். தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையின் பொருளாக நிலத்தையும் காலத்தையும் சேர்த்தே கூறுகிறது.

சுட்டுகள்

டி, டா, டு என்பன பேசுபவருக்கு அருகில் உள்ளது, கேட்பவருக்கு அருகில் உள்ளது, இருவருக்கும் தொலைவில் உள்ளது எனப் பிரியும். இது தமிழின் இது, உது, அது என்னும் பாகுபாட்டுடன் பெரிதும் ஒத்துள்ளது. உகரச் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. புதுக்கோட்டைப் பகுதியிலும் "அது", "இது" மட்டுமே கேட்கும். யாழ்ப்பாணத் தமிழில் உது, உவன், உங்கை ஆகியன இன்றும் வழங்குகின்றன. ஆகவே லோஜ்பானின் "டா" தமிழ்நாட்டவரை விட யாழ்ப்பாணத்தவருக்கு எளிதில் விளங்கும்.

வரவு, செலவு ஆகியவற்றில் தமிழ் வேறு வழியைக் கொள்கிறது. கேட்பவர் அரிமளத்தில் இருந்தால் "அரிமளத்திற்கு வருகிறேன்" என்றும், இல்லையெனில் "போகிறேன்" என்றும் கூறுகிறோம். லோஜ்பானில் இரண்டிற்கும் "கிலாமா" என்னும் ஒரே வினைதான்.