விமான நிலையம் வரும் ஊரில் மளிகைக் கடைக்கு இடம் உண்டா?

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் 110-வது விதியின் கீழ் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் டைடல் பூங்காவும் அறிவுசார் பெருவழித்தடமும் ஓசூருக்கு அறிவிக்கப்பட்டன. பொம்மசந்திரா வரை வந்துவிட்ட பெங்களூரு மெட்ரோவை ஓசூருக்கு நீட்டுவது பற்றிய பேச்சும் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் அறிவிப்பு வந்தால் மனை விலை ஏறுகிறது. மனை விலை ஏறினால் கடை வாடகை ஏறுகிறது. அந்த வாடகையைத் தாங்க முடியாமல் முதலில் தடுமாறுவது கால் கிலோ பருப்பும் அரை லிட்டர் எண்ணெயும் விற்றுப் பிழைக்கும் தெருமுனை மளிகைக் கடை.

ஒரு கடை மூடினால் இன்னொன்று திறக்காதா என்று கேட்கலாம். திறக்கும். ஆனால் அது செல்போன் கடையாகவோ, பேக்கரியாகவோ, ஏ.டி.எம். மையமாகவோ இருக்கும். மளிகை வியாபாரத்தில் லாப விகிதம் மிகக் குறைவு. அதே பத்தடி அகலத்துக்குக் கூடுதல் வாடகை தர வேறு தொழில்கள் வரிசையில் நிற்கும்போது, மளிகைக்காரர் போட்டியிட முடிவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு வயது ஐம்பதாகிறது. 1971-ல் தொடங்கப்பட்ட மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட், பெங்களூருவிலிருந்து 40 கிலோமீட்டரில் இருந்த ஓசூரை ஆரம்பக் காலத்திலேயே தேர்ந்தெடுத்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் என்று 1980-களில் பெரிய ஆலைகள் வரிசையாக வந்தன. ஆலைக்கு மனை, சாலை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் வரைபடத்தில் இருந்தன. வேலைக்கு வந்தவர் எங்கே தங்குவார், எங்கே அரிசி வாங்குவார் என்பதைப் பெரும்பாலும் சுற்றியிருந்த கிராமங்களே பார்த்துக்கொண்டன. மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, நல்லூர் போன்ற ஊர்களில் விவசாயிகள் வரிசையாக லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். தெருவைப் பார்த்த முன்னறை கடையானது. எந்தத் திட்டக்காரரும் போடாத ஏற்பாடு இது. அந்தக் கடைகள்தான் தொழில் நகரத்துக்குச் சோறு போட்டன. 2001 கணக்கெடுப்பில் லட்சத்துக்குக் கீழே இருந்த ஓசூரின் மக்கள்தொகை 2011-ல் லட்சத்தைத் தாண்டியது. 2019-ல் ஊர் மாநகராட்சியாக உயர்ந்தது.

அப்படிப்பட்ட ஒரு கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் வேலை என்னவென்று விளங்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இப்போது இந்தியும் சேர்த்து ஐந்து மொழிகளில் விலை சொல்லத் தெரிந்தவர் அங்கே உட்கார்ந்திருப்பார். இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்காக விடியற்காலையிலேயே பால் பாக்கெட் இறங்கியிருக்கும். களிக்கு ராகி மாவு ஒரு பக்கம், வடக்கிலிருந்து வந்தவர்களுக்குக் கடுகெண்ணெயும் கோதுமை மாவும் இன்னொரு பக்கம். கல்லாவின் அடியில் முனை மடங்கிய நீளமான கணக்கு நோட்டு. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். எண்ணெய், சர்க்கரை, சோப்பு என்று நாள்வாரியாக எழுதி, சம்பளம் வந்ததும் மொத்தமாகக் கோடு போட்டு அடிப்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால் அந்த வீட்டு அடுப்பை எரியவைப்பது இந்த நோட்டுத்தான். ஆதார், சம்பளச் சீட்டு, ஈட்டுப் பொருள் எதுவும் கேட்காமல், வட்டியும் வாங்காமல் கடன் தரும் இடம் ஏழைத் தொழிலாளிக்கு வேறு ஏது?

ரேஷன் கடை இருக்கிறதே என்பார்கள். தமிழ்நாட்டின் பொது விநியோகம் நாட்டுக்கே முன்மாதிரி என்பதில் ஐயமில்லை. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்த பிறகு, வெளிமாநிலத் தொழிலாளரும் தங்கள் பங்கு தானியத்தை இங்கே வாங்கலாம். ஆனால் ரேஷன் அரிசியோடு குடும்பம் நடந்துவிடாது. புளி, மிளகாய், உப்பு, தீப்பெட்டி, குழந்தைக்கு பிஸ்கட், மாதவிடாய் நாப்கின் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்க வேண்டும். கைவேலைக்கு நடுவில் ஓடிப்போய் வாங்கிவரும் பெண்களுக்கும், பேருந்து ஏற முடியாத முதியவர்களுக்கும் அந்தத் தூரம்தான் முக்கியம். ஓசூருக்கு அருகே அமையும் ஐபோன் ஆலையில் 60,000 பேருக்கு வேலை கிடைக்கும், ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடிப் பெண்கள் 6,000 பேர் முதல் கட்டத்தில் இருப்பார்கள் என்று 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். ஊர் தெரியாத, மொழி தெரியாத இத்தனை பேர் வந்து சேரும் இடத்தில் நம்பிக்கையான பக்கத்துக் கடை எத்தனை அவசியம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கடைகள் ஏன் நிலைக்க முடிவதில்லை? முதல் காரணம் வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. 1960-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வாடகைதாரர் நியாய வாடகை கேட்டு நீதிமன்றம் போக முடிந்தது. காரணம் காட்டாமல் அவரைக் காலி செய்ய வைப்பதும் எளிதாக இருக்கவில்லை. அந்தச் சட்டம் சில உரிமையாளர்களைப் பல ஆண்டுகள் அற்ப வாடகையில் கட்டிப்போட்டது என்பதும் உண்மை. அதற்குப் பதிலாக வந்த 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது எல்லாம் ஒப்பந்தப்படிதான். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் போடாமலே காலம் ஓட்டியிருந்தால் அதுவே காலி செய்யக் கேட்பதற்குப் போதுமான காரணம். வாய்ச்சொல்லை நம்பி இருபது வருடம் கடை நடத்தியவர் இந்தச் சட்டத்தின் முன் வெறுங்கையோடு நிற்கிறார்.

இரண்டாவது காரணம் பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவரும் செயலிகள். பிளிங்கிட், செப்டோ, இன்ஸ்டாமார்ட் போன்றவை பெருநகரங்களில் வேரூன்றியபின் அடுத்த நிலை நகரங்களுக்குள் நுழைகின்றன. ஓராண்டில் நாடு முழுவதும் சுமார் 2 லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டதாக நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2024-ல் கூறியது. வியாபாரிகள் தரப்புக் கணக்கு அது என்பதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் போக்கு எந்தத் திசையில் என்பதில் சந்தேகமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு அதிர்ச்சி. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்ப, பல கடைகளில் கியூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள்.

மூன்றாவது, நிலம் எடுப்பு. சூளகிரி வட்டத்தில் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதிகளில் புதிய சிப்காட்டுக்காக 3,000 ஏக்கருக்கு மேல் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் நீண்ட போராட்டம் நடத்தினார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரின் குரல் அப்படியாவது கேட்கிறது. அந்த ஊரில் வாடகைக்குக் கடை வைத்திருப்பவர்? 2013-ம் ஆண்டு மத்திய நிலம் எடுப்புச் சட்டம், நிலமே இல்லாவிட்டாலும் மூன்றாண்டுகள் அங்கே வாடகைதாரராக இருந்தோ உழைத்தோ பிழைத்து, அந்த முதன்மை வாழ்வாதாரத்தை இழப்பவரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று முன்கூட்டியே சமூகத் தாக்க மதிப்பீடு செய்யச் சொல்கிறது. தொழிற்பேட்டைக்கான நிலத்தைத் தமிழ்நாடு தனது 1997-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எடுப்பதால் அந்த மதிப்பீடு கட்டாயமில்லாமல் போகிறது. கடைக்காரரின் பெயர் காகிதத்தில் ஏறும் படியே தவறிவிடுகிறது. இது சரிசெய்யப்பட வேண்டிய அநீதி.

தமிழ்நாட்டு வணிகர்கள் பெருநிறுவனச் சில்லறை வணிகத்தை எதிர்த்து முன்பும் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். 2012-ல் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, இங்கே அனுமதியில்லை என்று முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். அந்தப் போராட்டம் எல்லாம் கடைக்காரரின் பிழைப்பைப் பற்றியது. வாங்குபவரின் தேவை என்ற கோணம் அதில் பின்னுக்குப் போனது. பக்கத்துக் கடை குடியிருப்போரின் வசதி என்று பார்த்தால் வேறு வழிகளும் தென்படும்.

இங்கிலாந்தில் 2011-ம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், ஊருக்கு முக்கியமான கடையைச் சமூக மதிப்புள்ள சொத்து என்று பட்டியலிட மக்களுக்கு உரிமை தருகிறது. உரிமையாளர் அதை விற்க நினைத்தால், ஊர்க்காரர்கள் பணம் திரட்டி விலை கேட்க ஆறு மாதம் வரை அவகாசம் கிடைக்கும். அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-லேயே நுகர்வோர் ஒன்றுசேர்ந்து தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கினார்கள். சீனிவாச சாஸ்திரி போன்றவர்கள் அதில் முன்னின்றார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஒரே பகுதியில் குடியிருக்கும் ஓசூரில் அப்படியொரு முயற்சிக்குத் தேவையான ஆள்பலம் தாராளமாகவே இருக்கிறது.

குடியிருப்போர் கையில் இன்றே இருக்கும் கருவிகள் இரண்டு. நகர ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்ட வரைவு வெளியாகும்போது ஆட்சேபங்களையும் யோசனைகளையும் மக்கள் எழுதிக் கொடுக்கலாம். பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கு 10 விழுக்காடு இடம் விடச் சொல்லும் அரசு, அன்றாடப் பொருள் விற்கும் கடைக்கும் கட்டுப்படியாகும் வாடகையில் ஓர் இடத்தை உறுதி செய்ய வேண்டும் என்று அதில் கேட்கலாம். அடுத்தது, 2022 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா. ஓசூர் மாநகராட்சியின் 45 வார்டுகளிலும் சாக்கடையும் தெருவிளக்கும் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், நம் தெருவில் மாநகராட்சி கட்டும் கடைகளில் ஒன்று மளிகைக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்றும் தீர்மானம் போடுங்கள். கடை வைத்திருப்பவர்கள் இந்த மாதமே வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.