குமிழிக்கு ஒரு குழி வேணும்

வெயில் காலத்துல குவைத் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்வாங்க. விடுமுறை கிடைச்சதே இப்பத்தான், அப்பாசியாவில் அக்கா வீட்டில் டேரா. "என்னடா ஆராய்ச்சி பண்றே?"ன்னு மாமா கேட்டார். "தண்ணி கொதிக்கிறதைப் பத்தி"ன்னேன். "அதுக்கு வெளிநாடு போகணுமா?"ன்னு ஒரு சிரிப்பு. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன் மக்களே.

பழைய பாத்திரத்துல தண்ணி காயும்போது கவனிங்க. குமிழிகள் கண்ட இடத்தில் வராது, சில புள்ளிகளில் இருந்து மட்டுமே வரிசையாக் கிளம்பும். அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறலோ குழியோ இருக்கும். அதில் சிக்கிய துளி காற்றோ ஆவியோதான் குமிழிக்கு விதை. வழவழப்பான புதுக் கண்ணாடிக் கோப்பையில் விதை இல்லாததால், மைக்ரோவேவில் வைத்த தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் சும்மா இருந்துட்டு, ஸ்பூனைப் போட்டதும் பொங்கிச் சீறும். கைய சுட்டுக்காதீங்க!

அப்ப குழிகளை நாமே வெட்டிட்டா? அதுதான் என் துறை. பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் சில்லர்கள் பலவற்றில், செப்புக் குழாயின் வெளிப்புறம் நுண்ணிய வரிகள் வெட்டி, அவற்றின் நுனியை மடக்கி விட்டிருப்பாங்க. உள்ளே தண்ணி ஓடும், வெளியே குளிரூட்டும் திரவம் கொதிக்கும். குமிழி சுலபமாப் பிறப்பதால் குறைஞ்ச வெப்பநிலை வித்தியாசமே போதும், கம்ப்ரஸருக்குக் கரண்ட் மிச்சம். 2016 ஜூலை 21-ல் மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவான நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

ஆனா எல்லை உண்டு. குமிழி அளவுக்கு மீறினா ஒண்ணா சேர்ந்து ஆவிப் படலமா மூடிக்கும். காய்ஞ்ச தோசைக்கல்லில் தெளிச்ச தண்ணி உருண்டு ஓடுதே, அதே கதை. வெப்பம் வெளியேற வழியின்றி உலோகம் உருகிக்கூடப் போகலாம். சாதாரணப் பரப்பில் தண்ணிக்கு இந்த எல்லை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 வாட். ஜப்பானின் நுகியாமா 1934-லேயே இந்தக் கொதிநிலை வரைகோட்டை அளந்துட்டார். நுண் தூண்கள், துளைகள் அமைத்து அந்த எல்லையை மேலே தள்ளத்தான் உலகம் பூரா ஆய்வகங்களில் மல்லுக்கட்டு.

மாமா விடலை. "அப்ப கடல் தண்ணியக் காய்ச்சவும் இதே குழாயப் போடலாமே?" நல்ல கேள்வி. நம்மூர் போர் தண்ணியக் காய்ச்சுற பாத்திரத்தில் வெள்ளையா உப்பு படியுதில்லையா? கடல் தண்ணியில் அது இன்னும் மோசம். நாம வெட்டின குழிகளைப் படிவம் தூர்த்துடும். குழாயும் வெப்பம் கடத்தாது.

குவைத் இதை அனுபவத்தில் பார்த்த நாடு. முன்பு ஷத் அல் அரப் ஆற்றிலிருந்து பாய்மரப் படகில் குடிதண்ணி வந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஷுவைக்கில் வந்த ஆலையில் குழாய்மேலேயே கடல்நீர் கொதிச்சது. 1957-ல் அங்கேயே ஃப்ளாஷ் முறை வந்தது. குழாய்க்குள் அழுத்தத்தில் கொதிக்காமல் சூடாகும் நீரை, அழுத்தம் குறைந்த அறைக்குள் விட்டால் குப்பென்று ஆவியாகும். கொதிப்பு குழாய்ச் சுவரை விட்டு அறைக்கு நகர்ந்திடுச்சு. படிவத் தொல்லை வெகுவாக் குறைஞ்சது. பல அறைகளோடு வளர்ந்த இந்த முறை வளைகுடா முழுக்கப் பரவியது.

ஆக, ஒரே குமிழி. சில்லரில் அதுக்கு வீடு கட்டித் தர்றோம், கடல்நீர் ஆலையில் குழாய்ப் பக்கமே வராதேன்னு விரட்டுறோம். எங்கே எதுன்னு தெரிஞ்சுக்கத்தான் மாமா இந்தப் படிப்பு :-)