மறுநாள் மறைந்த குப்பை எங்கே போயிற்று?

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குத் தென்கிழக்கே நூசா பெனிடா என்றொரு சிறு தீவு உண்டு. அதன் தென்கரையை ஒட்டிய கடலில் 'மாந்தா முனை' என்னும் இடம், காற்றடைத்த உருளையை முதுகில் சுமந்து நீரில் மூழ்கும் 'ஸ்கூபா' பயணிகளிடையே புகழ் பெற்றது. மாந்தா என்பது மிகப் பெரிய திருக்கை. மூன்று, நான்கு மீட்டர் அகலத்துக்குச் சிறகு விரிக்கும் இம்மீன்கள், தம் உடலில் ஒட்டியுள்ள ஒட்டுண்ணிகளைச் சிறு மீன்கள் கொத்தித் தின்னும்பொருட்டு அங்கே வந்து அமைதியாக வட்டமிடும். அக்காட்சியைக் காணவே மக்கள் கடல் கடந்து செல்கின்றனர்.

2018 மார்ச் மாதத்தில் அங்கே மூழ்கிய ரிச் ஹார்னர் என்னும் பிரித்தானியர் கண்டதோ வேறு காட்சி. பிளாஸ்டிக் பைகள், குவளைகள், பொட்டல உறைகள், உறிஞ்சுகுழல்கள் யாவும் இலை தழைகளோடு கலந்து நீரை மூடிக் கிடந்தன. அவற்றைக் கைகளால் விலக்கிக்கொண்டே அவர் நீந்தினார். அவர் எடுத்த படம் உலகெங்கும் பரவி, பார்த்தோரைத் திடுக்கிட வைத்தது.

மறுநாள் அங்கே மூழ்கியோர் அக்குப்பையைக் காணவில்லை. அப்படியாயின் துன்பம் தீர்ந்ததா? இல்லை. நீரோட்டம் அதனை இந்துமாக்கடலுக்குள் கொண்டு சென்றுவிட்டது. அவ்வளவே. கண்ணுக்கு மறைந்தது ஒழிந்துபோயிற்று என நினைப்பதே நம்முடைய பெருந்தவறு.

இக்குப்பை வந்த வழியையும் அறிந்துகொள்வோம். ஆண்டு முழுதும் ஓடைகளிலும் ஆற்றங்கரைகளிலும் கொட்டப்படுபவற்றை மழைக்கால வெள்ளம் வாரிக் கடலில் சேர்க்கிறது. வெயிலாலும் அலையாலும் அவை சிதைந்து பொடியாகின்றன; ஆனால் மக்குவதில்லை. மாந்தாவோ வாயை அகலத் திறந்து நீந்தி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சல்லடைபோல் வடித்து உண்பது. இரையையும் பிளாஸ்டிக் துணுக்கையும் பிரித்தறிய அதற்கு வழியில்லை. இக்கடற்பகுதியில் அது மணிக்கு ஏறத்தாழ 63 துணுக்குகள் வரை விழுங்கக்கூடும் என 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும் இவ்வினம் இழப்பை எளிதில் ஈடுசெய்ய இயலாது. பவளப்பாறைகளுக்கும் இதனால் கேடே. பிளாஸ்டிக் படிந்த பவளங்கள் நோயுறும் வாய்ப்பு 4 விழுக்காட்டிலிருந்து 89 விழுக்காடாக உயர்வதை 2018-இல் ஆய்வாளர் கண்டறிந்தனர்.

இத்துயரக் கதையில் நம்பிக்கையூட்டும் பகுதியும் உண்டு. 2013-ஆம் ஆண்டில், பாலியில் வாழ்ந்த மெலாதி, இசபெல் விஜ்சென் என்னும் சகோதரியர் இருவர், முறையே 12, 10 வயதினர், பிளாஸ்டிக் பைகளை ஒழிக்கும் இயக்கமொன்றைத் தொடங்கினர். இந்தியாவுக்கு வந்தபோது காந்தியடிகள் வாழ்ந்த இல்லத்தைக் கண்டு, ஊர் திரும்பியதும் பகல்பொழுதில் உண்ணாநோன்பு மேற்கொண்டனர். ஆளுநர் அவர்களை அழைத்துப் பேசினார். 2018 டிசம்பரில் பைகள், உறிஞ்சுகுழல்கள், தெர்மாகோல் பொருட்கள் ஆகியவற்றுக்குப் பாலி ஆட்சி தடை விதித்தது. சட்டம் பிறந்ததும் குப்பை முற்றும் ஒழிந்துவிடவில்லை. எனினும் பெரியோர் செய்யத் தயங்கியதைச் சிறுமியர் தொடங்கி வைத்தனர்.

நம் தமிழகத்திலும் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை உண்டு. ஆயினும் நம் வீட்டுத் திருமண விருந்திலும், திருவிழா முடிந்த திடலிலும் நாம் காண்பது என்ன? முன்னாளில் நம் தாய்மார் மஞ்சட்பையின்றிச் சந்தைக்குச் சென்றதில்லை. அப்பழக்கத்தை மீட்பது அரிதன்று. பாலியை விட்டகன்ற குப்பை சென்று சேர்ந்த அதே மாக்கடலின் ஒரு பகுதிதான் நம் கரையில் அலைவீசும் வங்கக்கடலும். ஆதலால் அடுத்த முறை ஒரு பையைத் தெருவோர ஓடையில் எறியக் கை ஓங்குமுன், நம் பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்வியை நாமே கேட்டுக்கொள்வோம்: "இது இங்கிருந்து எங்கே போகும்?"