உறைபனி விழுந்த காலையில்

ஐப்பசி மழை ஓய்ந்து, பல வாரங்களுக்குப் பிறகு நீலகிரியின் வானம் மேகமின்றித் துலங்கத் தொடங்கியதும், சமவெளியிலிருந்து உதகமண்டலத்துக்கு வந்தவர்கள் நல்ல பருவம் பிறந்துவிட்டதென்று மகிழ்வார்கள். வீட்டின் பின்கட்டில் நாலு பாத்தி காய்கறி வைத்திருப்பவர்களோ அதே வானத்தைக் கவலையோடு அண்ணாந்து பார்ப்பார்கள். இரவில் பூமிக்குப் போர்வையாக இருப்பது மேகம். அது விலகி, காற்றும் அசைவற்று நின்றுவிட்டால், பகலெல்லாம் மண் சேர்த்துவைத்த உஷ்ணம் தடையின்றி ஆகாயத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானதாகையால் சரிவுகளில் மெல்ல இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். சில நாட்களாக நீர்ப்பனியாகப் புல்லை நனைத்துக்கொண்டிருந்தது, ஒரு விடியலில் உறைபனியாக வெளுத்துக் கிடக்கும். காந்தல், தலைக்குந்தா போன்ற பிரதேசங்களும், குதிரைப் பந்தய மைதானமும், தாவரவியல் பூங்காவின் புல்வெளியும் வெள்ளை விரித்துக் கிடக்கும் அதே காலையில், சற்று மேட்டில் உள்ள வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு தீங்கும் நேர்ந்திராது. வெப்பமானி இரண்டு டிகிரி காட்டியதே, பிறகு எப்படிப் பனி உறைந்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஆள் உயரத்தில் மாட்டிய கருவி அந்த உயரத்துக் காற்றைத்தான் அளக்கிறது. திறந்த வானத்தின் கீழ்த் தரையோடு படர்ந்திருக்கும் இலையோ அதைக்காட்டிலும் குளிர்ந்துவிடுகிறது.

1819-ல் இம்மலைக்கு ஏறிவந்த கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவனின் காலந்தொட்டு இங்கே குடியேறிய காய்கறிகள் பல. இன்று உல்லாசப் பயணிகள் உலாவும் தாவரவியல் பூங்காவே, 1848-ல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் வந்து அதைச் சீர்திருத்தத் தொடங்குவதற்கு முன்னர், இங்கு வசித்த ஐரோப்பியர்கள் தங்கள் உணவுக்காகக் காய்கறி பயிரிட்ட இடந்தான். ஆனால் இவ்வாறு வந்து சேர்ந்தவை யாவும் ஒரே சுபாவமுடையவை அல்ல. முட்டைகோஸ், கேரட், டர்னிப், நூல்கோல் ஆகியவை ஐரோப்பாவின் குளிரில் தலைமுறை தலைமுறையாக நின்று பழகியவை. பீன்ஸும் பூசணியும் தக்காளியும் மேரக்காயும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான நிலங்களைத் தாயகமாகக் கொண்டவை. உறைபனியைத் தாங்கும் உபாயம் அவற்றின் உடலில் இல்லை. இந்த பேதத்தை அறியாதவர்கள், முதல் பனி விழுந்த காலையில் பதறிப்போய், தோட்டத்தில் உள்ளதையெல்லாம் ஒரே மூச்சில் பிடுங்கிக் குவித்துவிடுகிறார்கள். அது பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அக்குவியலில் பாதி, மண்ணிலேயே இருந்திருந்தால் தரத்தில் இன்னும் உயர்ந்திருக்கும்.

பனி விழுந்த பீன்ஸ் இலையை வெயில் ஏறுமுன் குனிந்து பார்க்கவேண்டும். விளிம்பெங்கும் நுண்ணிய ஊசிகள் நிரை நிரையாக நிற்கும், இலை விறைத்திருக்கும், விரல் பட்டால் நொறுங்கும். வெயில் பட்டதும் ஊசிகள் நீராகி வழிய, அதுவரை பச்சையாகத் தோன்றிய இலை கண்ணெதிரே கருமை ஏறி, சாறு கசிந்து, துவண்டு தொங்கிவிடும். உயிரணுக்களின் இடைவெளியில் உறைந்த நீர், உள்ளே இருக்கும் நீரையும் வெளியே இழுத்துக்கொள்வதால் அவற்றின் சவ்வுகள் சிதைந்துபோகின்றன; மத்தியான வேளையில் நாம் காணும் கருமை அந்தச் சிதைவின் பிரத்தியட்ச வடிவமே. இளந்தேயிலைச் செடிகளை முந்தின மாலையே தாகை என்னும் செடியின் தழை கொண்டு மூடிவைப்பதும், காய்கறிப் பாத்திகளில் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளிப்பதும் இதை முன்னிட்டுச் செய்யும் காரியங்கள்.

எனவே அன்று காலை முதலில் கூடையில் சேரவேண்டியவை கொடிக்காய்களே. இலைகளின் மறைவில் தப்பிய பீன்ஸ் அன்று மாலைக்குள் அடுப்பேறிவிட வேண்டும். கண்ணாடிபோல் நீர்கோத்த காய் எதற்கும் உதவாது. பட்டாணிச் செடி குளிருக்கு அஞ்சாதது என்றாலும், அதன் பூவும் இளங்காயும் அஞ்சும். முற்றிய காய்களைப் பறித்துக்கொண்டு செடியை நிற்க விடலாம். தக்காளியில் பனி தீண்டாத பச்சைக்காய்களை, முழு அளவுக்குப் பருத்து நிறம் சற்று வெளிறியவையாகப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, அடுப்பங்கரைக்கு அருகில் ஒரு பெட்டியில், கனிந்த வாழைப்பழம் ஒன்றையும் துணைக்கு வைத்து அடுக்கினால், பழத்திலிருந்து எழும் எத்திலீன் என்னும் வாயுவினால் அவை ஒவ்வொன்றாகச் சிவக்கும். பனி தீண்டிய காய் பழுக்காது, அழுகும். பக்கத்துக் காய்களையும் கெடுக்கும். மேரக்காய், பூசணி ஆகியவற்றைக் காம்போடு அறுத்து, காயம்படாமல் உள்ளே கொண்டுபோய்விட வேண்டும்.

முட்டைகோஸை அக்காலையில் தொடவே கூடாது. உறைந்த இலையில் கைபட்ட இடமெல்லாம் கன்றிப்போகும். வெயில் ஏறி இலை தானாக இளகியபின் பார்த்தால் வெளியிலைகள் இரண்டொன்று பழுதாகியிருக்குமே தவிர, உள்ளே தலை உறுதியாக இருக்கும். கேரட்டின் கதை இதைவிட விசேஷமானது. குளிர் மிகும்போது அக்கிழங்கில் சேமித்துள்ள மாப்பொருளின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறைவதில்லையாதலால் அது செடிக்குத் தற்காப்பு, நமக்கோ இனிப்பு. உறைபனி சில நாட்கள் விழுந்தபின், மேல்மண் பொருக்காக இறுகியிருக்கும் பாத்தியில் கிழங்கைச் சுற்றிக் கொத்திப் பிடுங்கி, வாய்க்கால் நீரில் அலசிக் கடித்துப் பார்த்தவர்களுக்கு, சந்தையில் பல நாள் கிடந்து வாடிய கேரட்டின் மேல் ஆசை எழுவது கடினம். வேண்டிய அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் பிடுங்குவதே முறை; மண்ணைவிடச் சிறந்த களஞ்சியம் கேரட்டுக்கு வேறில்லை.

உருளைக்கிழங்குதான் நிதானத்தை மிகவும் கோருவது. ஆவணியில் ஊன்றியதன் தழை ஒரே இரவில் கருகிவிட்டதைக் கண்டதும், கிழங்கும் போயிற்றோ என்ற அச்சத்தில் அன்றே தோண்டத் தோன்றும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு இந்தக் குளிர் எட்டாது. ஆனால் அதன் தோல் இன்னும் மெல்லியது, பெருவிரலால் தேய்த்தாலே உரிந்துவரும். கருகிய தண்டை அறுத்தெறிந்துவிட்டு, மேடு கரைந்து கிழங்கு வெளியே தெரியும் இடங்களில் மண் அணைத்து, பத்துப் பதினைந்து நாள் விட்டுவைத்தால் தோல் தடித்துவிடும். பிறகு ஈரமில்லாத ஒரு பகலில் தோண்டி, நிழலில் உலர்த்தி, இருட்டறையில் பரப்ப வேண்டும். கொத்துப்பட்ட கிழங்குகள் அன்றைய குழம்புக்கு. ஒளிபட்டுப் பச்சையானவற்றில் நஞ்சு ஏறியிருக்குமாதலால் அவற்றைச் சமையலுக்கு எடுக்காமல், நோயற்றவையாகப் பார்த்துத் தனியே ஒரு தட்டில் வைத்திருந்தால், சித்திரையில் ஊன்றுவதற்கு விதையாகும்.